ஞாயிறு மத்தியானத்து ஒப்பாரி

ஹம்பேர்க்கில் நான் முதன்முதலில் செய்த வேலை வெங்காயம் உரிப்பது. அதுவும் செய்யக்கூடாத வேலை. அகதியாகப் பதிந்தவர்கள் வேலை செய்யக்கூடாது, நகர எல்லையைத் தாண்டக்கூடாது, விடுதி அறைக்குள் அடுப்பு மூட்டக்கூடாது என்று எங்களுக்குக் 'கூடாது'களாகவே அள்ளித் தந்திருந்தார்கள். என்னதான் கூடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சும்மா இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு அதை யாரும் பழக்கவில்லை. ஆகவே மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு யூகோஸ்லாவியச் சாப்பாட்டுக் கடைக்குள் பின்கதவால் நுழைந்தேன். எண்பத்தைந்தாம் ஆண்டு, நல்ல குளிர்.

கடை முதலாளி நெடுநாளாக ஜேர்மனியில் இருக்கிற மனிதர். தொண்டை பெரியது, மனம் அவ்வளவு மோசமில்லை. கிழமை நாட்களில் ஜேர்மன்காரர் வந்து சுட்ட இறைச்சி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஞாயிறு மத்தியானம் மட்டும் கடை முதலாளியின் சொந்த ஆட்களுக்கு. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிற யூகோஸ்லாவியக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து குந்துவார்கள். திங்கள் விடிய வேலை என்பதால் அவர்களுடைய கொண்டாட்டம் எல்லாம் மத்தியானம் தொடங்கி, விளக்கு வைக்கிற நேரத்தோடு முடிந்துவிடும். அந்தக் கூட்டத்துக்குப் பாட ஒரு செர்பியப் பெண் வருவார். நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது. அகன்ற தோள், சின்னக் கண்கள், வாயைத் திறந்தால் கண்ணாடிக் குவளைகள் தாமாகவே ஒதுங்கி நிற்கும்.

பாட்டுக்காரிக்கு உடுப்பு மாற்ற அங்கே அறை கிடையாது. உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கிய சின்னக் களஞ்சியத்துக்குள்தான் மாற்றுவார். சட்டையின் முதுகுப் பக்கத்து சிப் அவருக்கு எட்டாது. சமையலறையில் நின்ற ஒரே பெண் என்பதால், வெங்காயக் கையைத் துடைத்துவிட்டு நான்தான் போய் இழுத்துவிடுவேன். எங்களுடைய சிநேகிதம் அந்த சிப்பில் தொடங்கியது. நான் அவரை 'அக்கா' என்று கூப்பிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார், சொன்னேன், பிறகு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் இருவருடைய ஜேர்மனும் நொண்டி ஜேர்மன். ஒரு நொண்டியின் தோளில் மற்ற நொண்டி கை போட்டு நடந்த மாதிரிப் பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சை இங்கே என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதுகிறேன். என் காதுக்கு அவர் அப்படித்தான் பேசினார்.

அவருடைய கதையைத் துண்டு துண்டாக அந்தக் களஞ்சியத்தில்தான் கேட்டேன். ஒரு மலை ஊரிலிருந்து இருபது வயதாகுமுன்பே ஹம்பேர்க்குக்கு வந்து, மீன் தொழிற்சாலையில் தகர டின்களுக்குள் மீன் அடுக்கியவர். பாடிக்கொண்டு அடுக்கினால் பக்கத்தில் நிற்கிறவர்களின் கையும் வேகமாகப் போகிறது என்று மேற்பார்வைக்காரி கண்டுபிடித்தாளாம். அதனால் பாட்டுக்குத் தடையில்லை. பிறகு கல்யாண வீடுகளில் பாடினார், தொழிலாளர் சங்கத்து மண்டபத்தில் பாடினார், அங்கே அக்கோர்டியன் வாசித்தவரைக் கட்டினார். அந்த மனிதர் ஒரு நாள் அக்கோர்டியனையும் தூக்கிக்கொண்டு வேறொருத்தியோடு போய்விட்டார்.

"மனுசன் போனது காரியமில்லை," என்பார் அக்கா. "அது நல்ல அக்கோர்டியன்."

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ஊரில் அக்காவின் தாயிடம் வளர்ந்தாள். தாயோ பெரிய பிடிவாதக்காரி. சாப்பாட்டுக் கடையில் ஆம்பிளைகள் குடிக்கக் குடிக்கப் பாடுகிறவளை அந்த ஊரில் என்ன சொல்வார்கள் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கூத்தாடி என்ற சொல்லை வசவாகவும் வைத்திருக்கிற சனம் நாங்கள். ஆகவே தாய் ஊருக்கெல்லாம், மகள் இன்னும் மீன் கொம்பனியில்தான் நிற்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். 'உன்னுடைய முகம் போட்ட இசைத்தட்டு வரட்டும், அன்றைக்கு நீ பாட்டுக்காரி என்று நானே சந்தியில் நின்று சொல்லுகிறேன்' என்றாராம். அந்த இசைத்தட்டு ஒன்றுதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. தட்டு வந்தால் பெரிய மண்டபங்களில் பாடலாம், ஒழுங்கான வீடு எடுக்கலாம், மகளைக் கூப்பிடலாம். எல்லாம் அந்தத் தட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், எங்களுக்கு விசா எப்படியோ அவருக்கு அது அப்படி.

அடுத்த மாசியில் அந்த வாய்ப்பு வந்தது. பெல்கிரேட்டில் இருந்த ஒரு இசைத்தட்டுக் கொம்பனியின் ஆள், ஜேர்மனியில் பாடுகிறவர்களை ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் கடைக்கு ஒரேயொரு ஞாயிறு. மறுநாள் காலை அடுத்த நகரத்துக்கு ரயில். அக்கா அதற்காகப் பச்சை நிறத்தில் புதுச் சட்டை தைத்திருந்தார். ஒரு கிழமையாக ஐஸ் தண்ணீர் குடிக்கவில்லை, முதலாளியோடு சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடிக்காமல் இருந்ததுதான் பெரிய தவம்.

அந்த ஞாயிறு காலை கடைக்கு ரெலிபோன் வந்தது. அக்காவின் வீட்டில் ரெலிபோன் இல்லாததால் ஊரிலிருந்து இங்கேதான் எடுப்பார்கள். முதலாளி பேசினார். பேசி முடித்து, றிசீவரை மெதுவாக வைத்தார். அந்த மனிதர் எதையும் மெதுவாக வைத்து நான் பார்த்ததில்லை. அக்காவின் தாய் அன்று விடியற்காலையில் இறந்துவிட்டார்.

முதலாளி ஒளிக்கவில்லை. அக்கா வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். "பாட வேண்டாம் எண்டால் வேண்டாம், நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனால் அந்தாள் நாளைக்குப் போயிடுவார்," என்றார். அதுவும் உண்மை. அவர்களுடைய ஊரில் செத்தவரை மறுநாளே அடக்கிவிடுவார்கள். பனி கொட்டி மலைப்பாதை மூடிக் கிடந்தது. எந்த ரயிலில் ஏறினாலும் போய்ச் சேர்கிறபோது மண் மூடியிருக்கும். அக்கா களஞ்சியத்துக்குள் போய்க் கிழங்கு மூட்டையில் உட்கார்ந்தார். சமையல்காரர், அவரும் யூகோஸ்லாவியர்தான், என்னைப் பார்த்து, போ என்று தலையை ஆட்டினார். போய் என்ன செய்வது? என்னுடைய ஜேர்மன் வெங்காயம், கத்தி, சூடு, கவனம் என்பவற்றோடு முடிந்துவிடும். பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தேன்.

அக்கா கேட்டார். "உங்கட ஊரில தாய் செத்தால் பாடுவினமோ?"

"இல்லை அக்கா. முப்பத்தொண்டு, அதுதான் முப்பத்தோராம் நாள் காரியம், முடியும் வரைக்கும் றேடியோவும் போடமாட்டம். ஒரு வருசத்துக்கு ஒரு நல்ல காரியத்துக்கும் போகமாட்டம்."

"எங்களுக்கும் ஒரு வருசம். கறுப்பு உடுப்பு. பாடக்கூடாது." பச்சைச் சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "பாடத்தான் கூடாது. அழலாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கையையும் முகத்தையும் வைத்து விளக்கினார். பிணத்தின் தலைமாட்டில் பெண்கள் உட்கார்ந்து, செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, குறை சொல்லி, இழுத்து இழுத்து அழுவார்களாம். சொற்கள் அந்த நேரத்துக்கு வந்தபடி வருமாம். அதைப் பாட்டென்று அவர்கள் சொல்வதில்லையாம். அவர் பாதி சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஒப்பாரி! எங்கோ பனி மலையில் பிறந்தவரும், கடற்கரையில் கருவாடு காய்கிற ஊரில் பிறந்த நானும் ஒரே செத்தவீட்டில் இருந்து எழும்பி வந்த மாதிரி இருந்தது. எங்கள் அம்மா ஒப்பாரியில் பேர்போனவர். மாதா கோயில் சுவாமியார் எவ்வளவு சொல்லியும் நிறுத்தாதவர். செத்தவீட்டில் அம்மா வாயைத் திறந்தால், காணிச் சண்டையில் வருடக்கணக்காகக் கதைக்காமல் இருந்த சனமும் கட்டிப்பிடித்து அழும். ஆனால் வீட்டில் அந்த மெட்டைச் சும்மா முணுமுணுக்கக்கூட விடமாட்டார். சின்ன வயதில் பொம்மைக்குச் செத்தவீடு நடத்தி நான் ஒப்பாரி வைத்தபோது, வாயில் போட்டார் ஒரு போடு. 'சும்மா கிடக்கிற சாவைக் கூப்பிடாதை!'

அக்கா பச்சைச் சட்டையைப் போடவில்லை. என்னுடைய கறுப்புக் கம்பளிச் சட்டையை வாங்கிப் போட்டார். அது அவருக்குச் சிறிது. தோளில் தையல் விட்டுப்போனது. தலைமயிரை அவிழ்த்துவிட்டு, வாத்தியக்காரர்களிடம் போய், வாத்தியங்களைத் தொட வேண்டாம் என்று சொன்னார். சாப்பாட்டு மேசைகள், பியர்க் குவளைகள், ஓடித் திரிகிற குழந்தைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல்லில் படாமல் வயிற்றுக்குள்ளிருந்து வந்த குரல் அது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, ஒன்றும் விளங்காமலும் இல்லை. பின்னர் சமையல்காரர் எனக்குச் சொன்னார்: எழும்பு அம்மா, அடுப்பு அணைந்து கிடக்கிறது, எழும்பு, வாசலில் யார் யாரோ செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், நான் மட்டும் வரவில்லை, என்னை ஏசுவதற்காவது எழும்பு. தாயின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாராம். மீன் கொம்பனிக்காரி வந்திருக்கிறேன் என்றும் சொன்னாராம். பெண்கள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டார்கள். கப்பலில் மூட்டை தூக்குகிற மலை மாதிரி ஆம்பிளைகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. நானும் நன்றாக அழுதேன், அழுததில் எனக்கு ஒரு நிறைவும் இருந்தது. சாவை அப்படித்தான் அனுப்ப வேண்டும்.

கொம்பனிக்காரர் துடைக்கிற துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அந்த மனிதர் உண்மையாகவே அழுதிருந்தார். அதுதான் கரைச்சல். பொய்யாக அழுதிருந்தால் அக்கா இறைச்சி வெட்டுகிற கத்தியை எடுத்திருப்பார். அவர் சொன்னதைச் சமையல்காரர் எனக்குத் தன் ஜேர்மனில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"அதைத் தட்டில போட வேணுமாம். மற்றப் பாட்டுகள் எல்லாரும் பாடுகினமாம். இதை மட்டும்தான் கேக்கிறார்."

அக்கா மாட்டேன் என்றார். அது பாட்டில்லை, அம்மா அங்கே கிடந்ததால் வந்தது என்றார். ஆள் கிடக்காமல் அதைச் சொன்னால் அது ஆளைத் தேடும் என்றார். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றார். கொம்பனிக்காரர் பட்டணத்து மனிதர். இதையெல்லாம் கேட்டு அவர் சிரிக்கவில்லை, அன்பாகத்தான் பேசினார். 'ஒரு முறை சொன்னால் போதும். அதற்குப் பிறகு தட்டு சொல்லும், நீ சொல்லத் தேவையில்லை.' அந்த ஒரு வசனத்தில் அக்கா விழுந்தார். அன்றைக்கு அல்ல, இரண்டு மூன்று கிழமை கழித்து.

அந்தக் கிழமைகளில் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஊரில் மகளைச் சித்திக்காரி ஒருத்தி எடுத்திருந்தாள். அவளுக்கே ஒரு கூட்டம் பிள்ளைகள். மகள் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கிறாளாம். அக்காவின் குடியிருப்போ, ஒரு கட்டிலும் கழுவுகிற தொட்டியும் உள்ள ஒரு அறை. பிள்ளையைக் கூப்பிட்டால் எங்கே வைப்பது? துக்க வருடத்தில் கடையில் பாடவும் மாட்டேன் என்கிறார். அந்த ஒரு தட்டை விட்டால் திரும்பவும் மீன்தான். ஒரு நாள் வெங்காயக் கூடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து என்னிடமே கேட்டார்.

"நீ சொல்லு. போடட்டோ, விடட்டோ?"

நான் வாயாடி. எங்கள் ஊரில் சண்டைக்கு என்னைத்தான் முன்னுக்கு விடுவார்கள். அன்றைக்கு என் வாய் கட்டிப்போனது. போடாதையுங்கோ என்றால் அந்தப் பிள்ளை அடுப்படியில் கிடக்கும். போடுங்கோ என்றால், அம்மா என் வாயில் போட்ட அடி இன்னும் வலித்தது. "தெரியேல்லை அக்கா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் தெரியவில்லை.

பங்குனி முடிவில் பெல்கிரேட் போய்வந்தார். கோடையில் தட்டு வந்தது. உறையில் அக்காவின் முகம், கறுப்புச் சால்வை, பின்னால் யாருடையதோ ஒரு மலை. முதலாளி அதைக் கடையின் ஒலிபெருக்கியில் போட்டார். தொடங்கியதும் நான் கத்தியை வைத்துவிட்டு நின்றேன். குரல் அதேதான். ஆனால் கீழே மேளம் போட்டிருந்தார்கள். அக்கோர்டியன், குழல், இடையிடையே ஆம்பிளைகள் சேர்ந்து 'எழும்பு அம்மா, எழும்பு' என்று எடுத்துக் கொடுக்கிற ஒரு கூட்டம். தாயின் பெயரை எடுத்துவிட்டார்கள். கேட்கிற எல்லோரும் தங்கள் தங்கள் தாயை நினைக்க வேண்டுமாம். மீன் கொம்பனியும் இல்லை. நீளமாகப் போனதையெல்லாம் வெட்டி, ஒரு சிகரெட் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் அடக்கியிருந்தார்கள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன?" என்றார்.

"நல்லா இருக்கு, அக்கா."

நன்றாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. கால் தானாகத் தாளம் போட்டது.

தட்டு ஓடியது என்றால் அப்படி ஓடியது. ஜேர்மனியில் எங்கெங்கே யூகோஸ்லாவியர் இருந்தார்களோ அங்கெல்லாம் அந்தப் பாட்டுத்தான். துக்க வருடம் முடிந்ததும் அக்காவை மண்டபம் மண்டபமாகக் கூப்பிட்டார்கள். மகள் வந்தாள், இரண்டு அறை வீடு வந்தது. ஒரு சாவும் வரவில்லை. பார்த்தாயா, எல்லாம் வீண் பயம் என்று சமையல்காரர் சொன்னபோது, அக்கா கண் படாமலிருக்க அவர்கள் வழக்கப்படி மரமேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

ஆனால் தட்டு சொல்லும், நீ சொல்லத் தேவையில்லை என்றது பச்சைப் பொய்யாகப் போனது. தட்டில் கேட்ட சனத்துக்கு நேரில் கேட்க வேண்டும். எங்கள் கடைக்கும் பழைய நன்றிக்காக ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு வருவார். அக்கா வேறு எதைத் தொடங்கினாலும் மேசையைத் தட்டி அதைத்தான் கேட்பார்கள். குடித்தவர்கள் எழுந்து வந்து நோட்டை எச்சில் தொட்டு அவருடைய நெற்றியில் ஒட்டுவார்கள். அது அவர்களிடம் பாட்டுக்காரிக்குச் செய்கிற மரியாதை. தாயைப் புதைத்த பாட்டுக்கு நெற்றியில் நோட்டு! குவளையைச் சுவரில் அடித்து உடைப்பார்கள். ஒருமுறை ஒரு கல்யாணச் சோடி அதற்குக் கட்டிப்பிடித்து ஆடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் அந்த மாப்பிள்ளையின் காதைத் திருக வேண்டும் போல இருந்தது. யார் நான்? பின்கதவால் வந்து போகிற வெங்காயக்காரி. பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தாலே களஞ்சியத்துக்குள் ஒளிக்கிறவள்.

முதல் மாதங்களில் அக்கா ஒவ்வொரு முறையும் அழுதார். பிறகு சரியான இடத்தில் அழப் பழகினார். பிறகு அழாமலே அந்த இடத்தைக் கடக்கப் பழகினார். சிப்பை இழுத்துவிடும்போது ஒரு நாள், "இண்டைக்கு அம்மாவை மூண்டு தரம் எழுப்ப வேணும் போல கிடக்கு, சனம் கூட," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிப்பை மேலே இழுத்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினேன். நிறுத்துங்கோ என்றால் வீட்டு வாடகையை யார் கட்டுவது? சமையல்காரர் மிளகாய் வெட்டும்போதும் அதையே விசிலடித்தார். நானும் ஒரு நாள் வெங்காயத்தோடு அதை முணுமுணுப்பதைக் கண்டு, என் வாயில் நானே போட்டுக்கொண்டேன்.

இந்த நேரத்தில் எங்கள் ஊரும் பற்றி எரிந்துகொண்டிருந்தது. எண்பத்தேழின் கடைசியில் சண்டையும் ஊரடங்குமாகக் கடிதம், ரெலிபோன் ஒன்றும் இல்லை. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் மன்னார்க்காரி. இருவரும் மாறி மாறிச் செபமாலை சொல்வோம். அவள் கடவுளிடம் அழுது கேட்பாள், நான் சண்டை பிடித்துக் கேட்பேன். அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது. போய்ப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. ஹம்பேர்க் எல்லையைத் தாண்டவே அனுமதி கேட்க வேண்டியவள் கடலைத் தாண்டுவதா? ஒருமுறை வெளியே போனால் விண்ணப்பம் செத்தது, திரும்பி வர வழியில்லை.

தை மாதம் போல எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் எந்தெந்த நாட்டு எல்லைகளையோ கடந்து, ஹம்பேர்க்கில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணனைத் தேடி எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை. தேத்தண்ணி கொடுத்தோம். ஊர்ப் புதினம் கேட்டோம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் என்னைத் திருப்திப்படுத்துவதற்காகச் சொன்னான்.

"அக்கா, உங்கட அம்மாவின்ர முப்பத்தொண்டுக்கும் நிண்டு சாப்பிட்டிட்டுத்தான் நான் வெளிக்கிட்டனான். குறை ஒண்டும் இல்லை, நல்லாச் செய்தவை."

"என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்!" என்று மன்னார்க்காரி பாய்ந்தாள். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்தான். எனக்குத் தெரியும் என்று அவன் நினைத்திருந்தான். தனியே இருக்கிறவள், தாங்கமாட்டாள், நிலைமை சீராகட்டும், பிறகு சொல்வோம் என்று வீட்டில் ஒளித்திருக்கிறார்கள். எங்கள் சனம் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் செய்கிற பெரிய உபகாரம் அது. நெஞ்சு வருத்தம் வந்து, ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனமில்லாமல் அம்மா வீட்டிலேயே போய்விட்டார். துக்கம் தொடங்குவதற்கு முன்பே எனக்கு முப்பத்தொன்றும் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. மன்னார்க்காரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன். விடுதியில் இருந்தவர்கள் எல்லாம் என் வயதுப் பெட்டைகளும் பொடியன்களும். ஒப்பாரி எடுத்துக்கொடுக்கத் தெரிந்த ஒருத்தி இல்லை. நான் தொடங்கிப் பார்த்தேன். தொண்டைக்குள் ஒரு கல். ஊரில் எத்தனை பேருடைய சாவுக்கு அழுது கொடுத்த அம்மா! ஊரடங்கில் அவருக்கு யார் அழுதார்கள், வாயைப் பொத்திக்கொண்டா அழுதார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. சுவாமியாரிடம் பூசைக்குச் சொன்னேன். வேலைக்குப் போனேன். கூடை கூடையாக வெங்காயம் உரித்தேன், அதற்கும் கண் கலங்கவில்லை. நான் செத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

ஞாயிறு அக்கா வந்தார். சமையல்காரர் சொல்லிவிட்டார் போல. உடுப்புப் பையைக்கூட வைக்காமல் நேரே என்னிடம் வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் களஞ்சியத்துக் கதவைச் சாத்தினார்.

"அழுதியோ?"

"வருகுதில்லை, அக்கா."

"நான் அழுது தாறன். அம்மாவின்ர பேர் என்ன?"

சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்து, உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். சால்வையை எடுத்தார், தலைமயிரை அவிழ்த்தார், என் தலையைத் தன் மடியில் சாய்த்தார். பிறகு அந்தக் குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து, பழைய குரல். செர்பிய மொழிக்கு நடுவில் எங்கள் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். என் தொண்டையில் இருந்த கல் அசைந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, இதோ வரப்போகிறது. அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வரியில் என் தலைக்குக் கீழே அவருடைய தொடை ஆடியது. கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது வரியில் அம்மாவின் பெயர் இல்லை. அந்த வரி முடிந்ததும் அவர் நிறுத்தினார். மூச்சு எடுக்க நிறுத்தவில்லை. தட்டில் ஆம்பிளைகள் சேர்கிற இடம் அது. அந்த இடைவெளிக்குள், கதவுக்கு வெளியே இறைச்சி புரட்டிக்கொண்டு நின்ற சமையல்காரர், பாவம், அக்கா உடுப்பு மாற்றிக்கொண்டு பாடிப் பார்க்கிறார் என்று நினைத்து, நல்ல உற்சாகமாகக் குரல் கொடுத்தார்: 'எழும்பு அம்மா, எழும்பு!'

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்பத் தொடங்கினார். திரும்பவும் அதே இரண்டாவது வரி, அதே ஆட்டம். கண்ணை மூடிக்கொண்டு, தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தொடங்கினார். அதே இடத்தில் குரல் தானாக வளைந்து மெட்டுக்குள் போய் விழுந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. நான் எழும்பி உட்கார்ந்தேன்.

"மற்றது வருகுதில்லை," என்றார். "எங்க போச்சுதெண்டு தெரியேல்லை. பிள்ளை, அது என்னட்ட இல்லை."

அவருடைய தாயும் போய், அந்தத் தாய்க்கு அழுத அழுகையும் போய், வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு எந்த மொழியில் ஆறுதல் சொல்வது? உள்ளே சனம் மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டது. முதலாளி கதவைத் தட்டி, நேரமாகிறது என்றார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உடுப்பு மாற்றினார். முதுகைத் திருப்பினார். நான் சிப்பை இழுத்துவிட்டேன்.

மற்ற எதையும் கேட்கச் சனத்துக்குப் பொறுமையில்லை. எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் கேட்டார்கள். மேளம் தொடங்கியது, அக்கோர்டியன் தொடங்கியது, அக்காவின் குரல் ஒரு பிசகும் இல்லாமல் ஏறியது. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆம்பிளைகள் சேருகிற அந்த இடம் வந்தது. கடை முழுக்க ஒன்றாகச் சேர்ந்து எழும்பு அம்மா என்று கத்தியது. என் தொண்டையில் இருந்த கல் அப்போது உடைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குரல் எடுத்து, அம்மா அம்மா என்று அழுதேன். யார் பெயரும் இல்லாத, வெட்டிக் குறுக்கிய, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற அந்தப் பாட்டுக்கு, நெற்றியில் நோட்டு ஒட்டுகிற குடிகாரர் அழுகிற மாதிரியே அழுதேன்.

ஒரு சிகரெட் நேரத்தில் பாட்டு முடிந்தது. என் அழுகையும் அதோடு நின்றுபோனது. இன்னும் எவ்வளவோ அழ இருந்தது, வரவில்லை. உள்ளே மேசைகளைத் தட்டித் திரும்பவும் பாடச் சொன்னார்கள். அக்காவுக்குக் களைத்திருக்கும், மாட்டேன் என்று சொல்கிற குரலும் கேட்டது. கதவுக்குப் பின்னால் நின்று நானும் அவரைக் கேட்டேன்: இன்னொருதரம், அக்கா. இன்னொருதரம்.

அவர் பாடினார்.